அங்கிளுக்கு தேங்க்ஸ் சொல்லு கண்ணா!

எச்சரிக்கை 1: கொஞ்சம் நீளமான, கொஞ்சம் கோவமான பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க பழைய பதிவுகளுக்குப் போயிடுங்க, அங்க நிறைய ஸ்டாக் இருக்கு :-)

எச்சரிக்கை 2: எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. "புள்ள பெத்துப் பாத்தாதானேடா தெரியும், உனக்கு எதுக்கு குழந்தை வளர்ப்பு?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு இப்பவே பதில் சொல்லிடறேன். நான் வளர்த்தவன் இல்ல, வளர்ந்தவன். ப்ராடக்ட்டே நேர்ல வந்து பக் ரிப்போர்ட் குடுக்குதுன்னு வெச்சுக்கங்க.

இனி மேட்டருக்கு வருவோம்.

எங்க அக்கா சென்னையில மேடவாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல இருக்கா. அவளுக்கு ஒரே பையன், ஆறு வயசு. எனக்கு மருமகன், நான் கூப்பிடுறது "மாப்ள". சனி, ஞாயிறு ஆணி எதுவும் இல்லேன்னா அங்க போய் டேரா போட்டுடுவேன்.

ரெண்டு மாசம் முன்னாடி அப்படி ஒரு சனிக்கிழமை. எதிர் வீட்டு அங்கிள் பிறந்தநாளுன்னு வந்து பையன் கையில ஒரு பெரிய சாக்லேட்டைக் குடுத்தார். இவன் வாங்கின வேகத்துல உள்ள ஓடப் பார்த்தான். அக்கா கப்புன்னு தோளைப் பிடிச்சுட்டா. "என்ன சொல்லணும்? அங்கிளுக்கு தேங்க்ஸ் சொல்லு கண்ணா... எங்க, சத்தமா..." பையன் தரையைப் பாத்து முனகினான். "கேக்கல! அங்கிள் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!" கடைசியில சொன்னான். அங்கிள் போனதும் அக்கா என்னைப் பாத்து பெருமையா, "இதெல்லாம் சின்ன வயசுலயே பழக்கணும்டா"ன்னா.

அன்னிக்கே சாயங்காலம் இன்னொண்ணு நடந்துச்சு. அக்கா வீட்டுக்கு வேலைக்கு ஒரு அம்மா வருவாங்க. எங்க அம்மா வயசு இருக்கும். அக்கா அவங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவா. அதனால ஆறு வயசு மாப்ளயும் பேர் சொல்லித்தான் கூப்பிடுறான். ஒரு வாரமா காணாமப் போயிருந்த அவனோட குட்டி சிவப்புக் காரை, கூட்டும்போது சோபாவுக்கு அடியில இருந்து எடுத்து, ஒட்டடையெல்லாம் கழுவி, துணியில துடைச்சு அவன் கையில குடுத்தாங்க. பையனுக்குக் கண்ணெல்லாம் பளபளன்னு ஆயிடுச்சு. காலையில வாங்கின பாடம் வேற மனசுல இருந்திருக்கும் போல. திரும்பி அக்காகிட்ட கேட்டான்: "அம்மா, இவங்களுக்கும் தேங்க்ஸ் சொல்லணுமா?"

அக்கா போன்ல இருந்தா. தலையைத் தூக்காமலே சொன்னா: "அவங்க வேலை அதுடா. நீ போய் ஹோம்வொர்க்க எடு."

மக்களே, இந்த ஒரு வரியைத்தான் நான் இந்தப் பதிவு முழுக்கக் கும்மப் போறேன்.

ஏன்னா ரெண்டு வாரம் கழிச்சு அக்காகிட்டேயிருந்து அழுகையோட போன். அவளுக்கு நல்ல காய்ச்சல். மாமா ஊர்ல இல்ல. காய்ச்சலோட அடுப்பு முன்னாடி நின்னு இவனுக்கு தோசை சுட்டுக் குடுத்திருக்கா. முறுகலா இல்லேன்னு தட்டைத் தள்ளி விட்டிருக்கான். "உடம்பு சரியில்லாம நின்னு சுட்டுத் தர்றேனே, கொஞ்சமாவது நன்றி இருக்கா உனக்கு?"ன்னு இவ கேக்க, அவன் ரொம்ப சாதாரணமா சொன்னானாம்: "உன் வேலை அதுதானேம்மா."

"இவன் எங்கேயிருந்துடா இதெல்லாம் கத்துக்கிட்டான்? ஸ்கூல்ல பசங்க சரியில்ல. செல்போன்ல கண்டதையும் பாக்குறான். ஏதாவது நீதிபோதனை வகுப்பு இருந்தா சேத்து விடலாமா?"

எங்கேயிருந்து கத்துக்கிட்டான்னு எனக்குத் தெரியும். காய்ச்சல்ல இருக்கிறவகிட்ட அதைச் சொல்ல மனசு வரல. அதான் இங்க வந்து கொட்டுறேன்.

நம்ம வீடுகள்ல குழந்தைக்கு நன்றின்னு நாம சொல்லிக் குடுக்கிறது நன்றியே இல்ல. யாருக்கு வணக்கம் வைக்கணும், யாருக்கு வைக்க வேண்டாங்கிற லிஸ்ட் அது. சாக்லேட் குடுத்த அங்கிளுக்கு உண்டு. டீச்சருக்கு உண்டு. வெளிநாட்டுல இருந்து ரிமோட் கார் வாங்கிட்டு வந்த சித்தப்பாவுக்கு வீடியோ கால்ல ரெண்டு தடவை உண்டு. தினமும் அவனைப் பத்திரமா கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்ற வேன் டிரைவருக்கு இல்ல. குப்பை வண்டிக்காரருக்கு இல்ல. பாத்திரம் கழுவுற அம்மாவுக்கு இல்லவே இல்ல. பசங்க நாம சொல்றதைக் கேக்குறதை விட நாம விடுறதைக் கவனிக்கிறதுதான் அதிகம். யாருக்குச் சொல்ல வேண்டியதில்லைங்கிறதை அவன் கச்சிதமா பிடிச்சுக்கிட்டான். 'தினமும் நமக்காக வேலை செய்யறவங்களுக்கு நன்றி தேவையில்ல, அது அவங்க வேலை.' இந்த விதியை வெச்சுப் பாத்தா அந்த வீட்டுல அடுத்த ஆள் யாரு? அம்மாதான். பையன் லாஜிக்ல ஒரு தப்பும் இல்ல. நாம குடுத்த கோடு அப்படியே ரன் ஆகுது.

"சம்பளம் குடுக்கிறோமே, அப்புறம் என்ன நன்றி?"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். அண்ணாச்சிகளா, நம்மள்ல முக்காவாசிப் பேர் ஏதோ ஒரு கம்பெனியில ஆணி புடுங்குறவங்கதான். நமக்கும் மாசக் கடைசியில சம்பளம் வருது. அப்புறம் ஏன் ரிலீஸ் முடிஞ்சதும் க்ளையன்ட்கிட்டேயிருந்து "கிரேட் ஜாப் டீம்"னு ஒரு வரி மெயில் வருமான்னு வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கோம்? அந்த ஒரு வரியை மேனேஜர் நாலு பேருக்கு ஃபார்வர்டு பண்ணும்போது நம்ம பேரை விட்டுட்டா ஏன் மூணு நாளைக்கு நற நறன்னு பல்லைக் கடிக்கிறோம்? சம்பளம் வேலைக்கு. நீ செஞ்சது என் கண்ணுல பட்டுச்சுன்னு சொல்றது மனுசனுக்கு. நமக்கு ரெண்டும் வேணும், அவங்களுக்கு ஒண்ணு போதுமாம். அந்த ஒண்ணும் ஒழுங்கா குடுக்கிறோமான்னு கேட்டா பாதிப் பேர் ஓடிருவோம். நாலு நாள் லீவு போட்டா சம்பளத்துல பிடிக்கிறவங்க நாம. டீ குடிக்க தனி டம்ளர் வெச்சிருக்கிறவங்களும் நம்மள்லயே இருக்காங்க. அந்த டம்ளர் ஒண்ணு போதும், குழந்தைக்கு வேற பாடப்புத்தகமே வேண்டாம்.

தமிழ்நாட்டுல வீட்டுவேலை செய்யிற தொழிலாளர்களுக்குன்னு நலவாரியம் 2007-லயே அமைச்சாச்சு. அக்கா வீட்டுக்கு வர்ற அம்மா அதுல பதிவு பண்ணியிருக்காங்களான்னு கேட்டேன். அக்காவுக்குத் தெரியல. அப்படி ஒரு வாரியம் இருக்கிறதே தெரியல. அஞ்சு வருஷமா அந்த வீட்டு எச்சித்தட்டைக் கழுவுறவங்க. அவங்களுக்கு எத்தனை குழந்தைங்கன்னு கேட்டேன், அதுக்கும் யோசிச்சா. இதுல நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. நான் தங்கியிருக்கிற மேன்சன்ல ரூம் கூட்ட வர்றவர் பேரை இந்தப் பதிவு எழுத ஆரம்பிச்ச அப்புறம்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். மூணு வருஷம் ஆச்சு சாமி.

இந்த வியாதி ஊர் அளவுல எப்படி இருக்கும்னு 2020-ல பாத்தோமே. மார்ச் 22, சாயங்காலம் 5 மணி. டாக்டர், நர்ஸ், துப்புரவுத் தொழிலாளர்களுக்கு நன்றி சொல்றோம்னு பால்கனியில நின்னு தட்டைத் தட்டினோம், கையைத் தட்டினோம். குழந்தைங்க கையில கரண்டியைக் குடுத்து வீடியோ எடுத்தோம். ஏப்ரல் 19-ம் தேதி ராத்திரி இதே சென்னையில, கொரோனாவுல இறந்து போன ஒரு டாக்டரோட உடலை அடக்கம் பண்ண விடாம ஒரு கூட்டம் ஆம்புலன்ஸ் மேல கல்லு, கட்டை எல்லாம் எறிஞ்சு அடிச்சு விரட்டிச்சு. தட்டு சத்தத்துக்கும் கல்லு சத்தத்துக்கும் நடுவுல ஒரு மாசம் கூட இல்ல. தட்டினவங்களும் எறிஞ்சவங்களும் ஒரே ஆளுங்கன்னு நான் சொல்லல. ஆனா சத்தம் போட்டுச் சொல்ற நன்றி எவ்வளவு தூரம் தாங்கும்னு அன்னிக்குத் தெரிஞ்சு போச்சு.

இப்போ அடுத்த பஞ்சாயத்து. "பெத்தவங்களுக்கு நன்றி வேண்டாமா?" வேணும்தான். ஆனா அதை நாம கேக்குற விதம் இருக்கே... கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கங்க.

எங்க ஊரு கோவில்பட்டி. அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்குப்பிள்ளை. நல்ல மனுசன், உழைப்பாளி. ஆனா அவருக்கு ஒரு பழக்கம். எனக்காகச் செஞ்ச எல்லாத்துக்கும் வாய்க்கணக்கு வெச்சிருப்பார். மார்க் குறைஞ்சா, லேட்டா எந்திரிச்சா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசினா உடனே பில் வந்துடும். "உன்னைய லோன் போட்டு இன்ஜினியரிங் படிக்க வெச்சேன் பாரு..." (அந்த எஜுகேஷன் லோனுக்கு இ.எம்.ஐ. கட்டினது நான்ங்கிறது தனிக் கதை, ஹி ஹி.) அம்மா எதுவும் சொன்னதில்ல. தட்டு வைப்பாங்க, எடுப்பாங்க, அவ்வளவுதான்.

2018-ல வேலை கிடைச்சு முதல் சம்பளம் வந்துச்சு. அப்பாவுக்கு நல்ல வாட்ச், யோசிச்சு யோசிச்சு, நாலு கடை ஏறி இறங்கி வாங்கினேன். அம்மாவுக்கு ஒரு சேலை. என்ன கலர் பிடிக்கும்னு தெரியாததால கடைக்காரப் பொண்ணு எடுத்துக் குடுத்தது. நானும் நன்றியுள்ள புள்ளைன்னு ஊருக்குள்ள பேரு வாங்கிட்டேன்.

2020 லாக்டவுன்ல லேப்டாப்பைத் தூக்கிட்டு ஊருக்குப் போனேன். ஒரு நாள் ரேஷன் கார்டு தேடி பீரோவைக் குடைஞ்சப்போ, அம்மாவோட சேலைக்கு அடியில ஒரு அடகுக்கடை ரசீது கிடைச்சுது. 2016 ஜூலை. ரெண்டு வடம் சங்கிலி. தேதியைப் பாத்ததும் வயித்துல ஏதோ செஞ்சுது. என்னோட மூணாவது வருஷ ஃபீஸ் கட்டின மாசம். லோன் பணம் வர லேட்டாகுதுன்னு காலேஜ்ல நெருக்கினாங்க, அப்புறம் "எப்படியோ சமாளிச்சாச்சு"ன்னு வீட்டுல சொன்னாங்க. அந்த எப்படியோ இதுதான். "சங்கிலி எங்கம்மா?"ன்னு கேட்டேன். "அது முழுகிப் போச்சுப்பா அப்பவே. இப்ப எதுக்கு அது?"ன்னுட்டு உளுந்து களையப் போயிட்டாங்க.

நாலு வருஷமா அந்தக் கழுத்துல சங்கிலி இல்லேங்கிறதை நான் பாக்கவே இல்லைங்க. ஒவ்வொரு லீவுக்கும் அந்த வீட்டுக்குத்தான் போனேன். அந்தக் கையால போட்ட சோத்தைத்தான் தின்னேன். யாரு சத்தமா சொன்னாங்களோ அவங்களுக்கு மட்டும் நான் நன்றியோட இருந்திருக்கேன்.

அந்த லாக்டவுன்லதான் அம்மாவோட ஒரு முழு நாளையே முதல் தடவையா பாத்தேன். தண்ணி வர்ற அன்னிக்கு விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு குடம் வரிசை, கோலம், அடுப்பு, துணி, மாவு, திரும்ப அடுப்பு. எல்லாரும் தின்ன அப்புறம் சட்டியில மிச்சம் இருக்கிறதைப் போட்டு, அடுப்படியில உக்காந்து சாப்பாடு. நானும் பக்கத்து ரூம்ல எட்டு மணி நேரம் உக்காந்து மீட்டிங்ல "பேண்ட்வித் இல்ல"ன்னு சொல்லிட்டு இருந்தேன், அவ்வ்வ்வ்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2019-ல மத்திய அரசோட புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒண்ணு எடுத்தாங்க. ஆறு வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல, ஒரு நாள்ல சம்பளமில்லாத வீட்டு வேலை செஞ்ச பெண்கள் 100-க்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். செஞ்ச பெண்கள் சராசரியா ஒரு நாளைக்கு 299 நிமிஷம், செஞ்ச ஆண்கள் 97 நிமிஷம். கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஒரு மனுஷி நம்ம கண்ணு முன்னாடி வேலை செய்யறதைப் பாக்காம ஒரு பையன் வளர முடியுதுன்னா, அவனுக்கு தேங்க்ஸ்ங்கிற வார்த்தை தெரிஞ்சு என்ன, தெரியாம என்ன?

வள்ளுவரைக் கூப்பிடாம தமிழ்ப் பதிவு முடியுமா? நம்ம ஊர்ல நன்றின்னாலே 11-வது அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். பத்துக் குறளையும் பசங்களை மனப்பாடம் பண்ண வெச்சு, மேடையில ஒப்பிக்க விட்டு, டிபன் பாக்ஸ் பரிசு வாங்கிக் குடுத்துடுவோம். அந்தத் தலைப்பைக் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. நன்றின்னா பழைய தமிழ்ல நன்மை. செய்ந்நன்றின்னா நமக்குச் செஞ்ச நல்லது. தலைப்புல இருக்கிறது 'அறிதல்'. 'சொல்லுதல்' இல்ல! யாரு, என்ன, எப்போ, என்ன கஷ்டப்பட்டு செஞ்சாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கிறதுதான் அந்த மனுசன் கேட்டது. நாம அறிதலைத் தூக்கிக் கடாசிட்டு தேங்க்ஸ் சொல்லுதலை வெச்சுக்கிட்டோம்.

இன்னொண்ணு. அந்த அதிகாரம் உதவி வாங்கினவனுக்குச் சொன்னது. உதவி செஞ்சவன் பில் புக்கா வெச்சு நீட்டுறதுக்கு இல்ல. அதே அதிகாரத்துல மூணாவது குறள், பதிலுக்கு என்ன கிடைக்கும்னு எடை போடாம செஞ்ச உதவியைத்தான் கடலை விடப் பெருசுங்குது. 22-வது அதிகாரம் ஒப்புரவறிதல், அதோட முதல் குறள், மழைக்கு இந்த உலகம் திருப்பி என்னத்தைச் செய்யுதுன்னு கேக்குது. செஞ்சவன் படிக்க வேண்டியது அது. நம்ம பெற்றோர்கள் 11-ஐப் புள்ளைக்குக் குடுத்துட்டு, தாங்க படிக்க வேண்டிய 22-ஐ சாய்ஸ்ல விட்டுட்டாங்க. "உனக்காக எவ்வளவு செஞ்சேன்"னு தினமும் சொல்லி வளர்க்கிற வீட்டுல நன்றி வளராது. கடன் பயம்தான் வளரும். கடன்காரனைக் கண்டா மனுசன் என்ன செய்வான்? சந்து வழியா ஓடுவான். பெரியவனானதும் புள்ளைங்க ஏன் போனை எடுக்க மாட்டேங்குறாங்கன்னு கேக்குற பெரியவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

சரி, அக்கா இப்போ என்ன பண்ணியிருக்கா தெரியுமா? ஆன்லைன்ல நன்றி டைரி வாங்கியிருக்கா. தினமும் ராத்திரி மூணு விஷயத்துக்கு நன்றின்னு பையன் எழுதணுமாம். "சயின்டிஃபிக்காவே நிரூபிச்சிருக்காங்கடா"ங்கிறா. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோன்னு ரெண்டு பேரு 2003-ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு, அதுல இருந்துதான் இந்த டைரி சமாச்சாரம் இவ்வளவு பிரபலமாச்சு. அதுல எழுதினவங்க கல்லூரி மாணவர்களும் நரம்புத்தசை நோய் இருந்த பெரியவங்களும். ஆறு வயசுப் பையன் இல்ல. மாப்ள டைரியைத் தொறந்து பாத்தேன். மூணு நாளா ஒரே மூணு வரி: சாமிக்கு நன்றி, மிஸ்ஸுக்கு நன்றி, எதிர் வீட்டு அங்கிளுக்கு நன்றி. ஹோம்வொர்க்ல இன்னொரு ஹோம்வொர்க். அந்த லிஸ்ட்ல அவங்கம்மா கூட இல்ல!

அப்போ என்னதான்டா செய்யச் சொல்றேன்னா, எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான். வேலையில ஒரு துண்டைக் குழந்தை கையில குடுங்க. தான் தின்ன தட்டைத் தானே கழுவட்டும். அந்தப் பருக்கை காஞ்சு போச்சுன்னா எப்படி ஒட்டும்னு அவன் விரலுக்குத் தெரியட்டும். பையனா இருந்தா கண்டிப்பா குடுங்க. வீட்டுக்கு வேலைக்கு வர்றவங்களை ஆச்சி, அத்தை, அக்கான்னு வயசுக்குத் தக்கன முறை சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி நீங்க கூப்பிடுங்க. செஞ்சதுக்கு நீங்க வாய் தொறந்து நல்ல வார்த்தை சொல்லுங்க, பையனைத் தோளைப் பிடிச்சுச் சொல்ல வைக்காதீங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க. முக்கியமா, செஞ்சதுக்கு பில் போடாதீங்க. அதே சமயம் செஞ்சதை ஒளிச்சும் வைக்காதீங்க. எங்கம்மா செஞ்ச தப்பு அது ஒண்ணுதான். அன்னிக்கே ஒரு தடவை, "சங்கிலிய வெச்சுத்தான் ஃபீஸ் கட்டினோம்பா"ன்னு சாதாரணமா சொல்லியிருந்தா நான் திருப்பியிருப்பேன். முழுக விட்டிருக்க மாட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுல மாமன் அதிகாரத்தைப் பயன்படுத்தி மாப்ளயை ஸ்டூல் போட்டு சிங்க் முன்னாடி நிக்க வெச்சேன். சாம்பார் தட்டு ஒண்ணு. பாதித் தண்ணி சட்டையில, பாதி தரையில. அஞ்சு நிமிஷம் தேய்ச்சுட்டு, பக்கத்துல குமிஞ்சிருந்த மத்த பாத்திரத்தையெல்லாம் ஒரு தரம் பாத்தான். "மாமா, இதெல்லாம் அவங்க ஒருத்தரேவா கழுவுவாங்க? தினமுமா?"ன்னான்.

ஆமாடான்னேன். வேற எதுவும் சொல்லல. தேங்க்ஸ் சொல்லச் சொல்லியும் பிடிச்சுத் தள்ளல. அவன் சொன்னானான்னு கேக்காதீங்க, சொல்லல. குக்கரை மட்டும் எடுத்து, "இதை நான் கழுவவா?"ன்னு கேட்டான். கைப்பிடி சூடா இருந்ததால நானே கழுவிட்டேன்.

அம்மாவுக்குப் பிடிச்ச கலர் மயில் கழுத்துப் பச்சையாம். கேட்டுட்டேன்.

வர்ட்டா.

பி.கு. 1: சங்கிலி வாங்கிட்டியான்னு கேக்கப் போற நல்ல உள்ளங்களுக்கு: வாங்கியாச்சு. தங்கம் விக்கிற விலையில ரெண்டு வடமெல்லாம் முடியல, ஒத்தை வடம்தான். "எதுக்குப்பா இந்த வேண்டாத செலவு?"ன்னு திட்டு விழுந்துச்சு.

பி.கு. 2: அக்கா, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். போன் பண்ணாத, ஆணி அதிகம். பின்னூட்டத்துல திட்டு, எல்லாருமா சேந்து கும்மலாம்.